தலையில் பட்ட அடி



எங்கள் ஊர் குடவாசல். அமுத குடம் சிதறியபோது அதன் வாய்ப்பகுதி வந்து விழுந்த இடம் இது என்று தலபுராணம் கூறும். சங்கப் புலவருள் ஒருவரான குடவாயிற் கீரத்தனார் இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர். குடத்தைப் பற்றிய நினைவு வரும்போதெல்லாம் எனக்கு இன்னொரு சொல்லும் நினைவுக்கு வரும். இன்று நாம் தலையைக் குறிக்க வழங்கும் 'மண்டை' என்னும் சொல் பழந்தமிழில் உண்கலத்தைக் குறித்தது. தலையோட்டைக் கலத்துக்கு ஒப்பிட்ட நம் முன்னோர், கலத்தினுள்ளே இருப்பதைப் பற்றியும் சற்றே எண்ணியிருப்பர் போலும். இன்றைய என் பேச்சு அந்தக் கலத்தைப் பற்றியதன்று. கலம் உடையாமலே உள்ளிருப்பது கலங்கிப் போவதைப் பற்றியது. மருத்துவர்கள் இதனை மூளையதிர்ச்சி என்பர்.

நான் மருத்துவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இப்பொருளைப் பற்றி நான் ஏன் படிக்கத் தொடங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கபடி அணியை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் அதனைச் சடுகுடு என்றே சொல்வோம். ஓர் இறுதியாட்டத்தில் எங்கள் அணியின் சிறந்த வீரன் பாடிச் சென்று திரும்பும்போது, காலைப் பிடித்தவன் ஒருவன், குறுக்கே பாய்ந்தவன் ஒருவன். பின்னவனின் முழங்கால் இவன் பொட்டில் மோதியது. விழுந்தவன் சில நொடிகளில் தானே எழுந்தான். முகத்தில் சோடாவைத் தெளித்தோம். "என்னடா, முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் சார்" என்றான். அவன் நடுக்கோட்டை நோக்கிச் செல்லாமல் எதிர்த் திசையில் இரண்டடி நடந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். கோப்பை எங்களுக்குக் கிடைத்தது.

அதன்பின் அவன் வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பான். கரும்பலகையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்பான். காலையில் சொன்னதை மாலையில் மறப்பான். காலாண்டுத் தேர்வில் நான்கு பாடங்களில் தோற்றான். அவனுடைய மதிப்பெண் அட்டையில் 'கவனக் குறைவு. ஆட்டத்தில் உள்ள அக்கறை படிப்பில் இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். அவ்வாண்டின் இறுதியில் அவன் படிப்பை நிறுத்திக்கொண்டான். அந்த அடியினால்தான் அவன் படிப்பு நின்றது என்று இன்று நான் சாதிக்க இயலாது. வீட்டில் வறுமையும் இருந்தது. ஆயினும் அவன் சொன்னவை யாவும் ஒரு நோயின் அடையாளங்கள் என்பதும், அவற்றை நான் சோம்பல் என்று பெயரிட்டுப் பதிவு செய்தேன் என்பதும் உண்மை.

மூளையின் எடை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம். அது தலையோட்டினுள் ஒரு மெல்லிய நீர்மத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த இந்நீர்மத்தின் மொத்த அளவு சுமார் 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறு குவளை அளவு. தயிர்ப்பானையைத் தலையில் சுமந்து வரும் அம்மாள் ஒருவர் வரப்பில் கால் இடறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானையைப் பிடித்துக்கொண்டுவிட்டார், பானையில் கீறல் இல்லை. ஆனால் உள்ளே கட்டித் தயிர் உடைந்து நீர்த்துப் போயிருக்கும். தலை திடுமென ஓடி, திடுமென நிற்கும்போது மூளைக்கு நேர்வதும் ஏறத்தாழ இதுதான். நேராகத் தாக்கும் அடியைவிட, தலையைச் சட்டென்று திருகிவிடும் அடியே மிகுந்த கேடு செய்யும். மேலும், தலையில்தான் அடிபடவேண்டும் என்பதும் இல்லை. மார்பிலோ தோளிலோ வந்து மோதியவனால் கழுத்து வெடுக்கென்று உதறப்பட்டாலும் மூளை அதிரும். கபடியில் ஓடிவந்து இடித்துத் தள்ளும் பிடியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

அவ்வாறு அதிரும்போது நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. அணுக்களின் சுவர்களில் உள்ள வாயில்கள் முறையின்றித் திறந்து, உள்ளே இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது; வெளியே இருக்கவேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. மடை உடைந்து வயலில் வெள்ளம் புகுந்தால் ஆளெல்லாம் கூடி நீரை இறைக்கவேண்டும் அன்றோ? அதுபோல ஒவ்வோர் அணுவும் பழைய நிலையை மீட்கப் பாடுபடுகிறது. அதற்கு மிகுந்த சர்க்கரை வேண்டும். அதனைக் கொண்டுவரும் இரத்த ஓட்டமோ அந்நேரத்தில் குறைந்திருக்கிறது. வேலை மிகுதி, கூலி குறைவு. இந்த நெருக்கடி நாட்கணக்கில் நீடிக்கும். சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும், இந்நெருக்கடியைக் காட்டாது. ஆதலின் 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்பதற்கு 'ஒன்றுமே நேரவில்லை' என்று பொருளன்று.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே களைந்துவிடவேண்டும். மூர்ச்சையானால்தான் மூளையதிர்ச்சி என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். விளையாட்டில் மூளையதிர்ச்சி அடைவோருள் மூர்ச்சையாகிறவர் பத்தில் ஒருவருக்கும் குறைவே. மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள், பேசுவார்கள், ஆடவும் ஆடுவார்கள்.

கிரிக்கெட் ஆட்டத்தை விரும்பாத மாணவர் இந்நாளில் இலர். ஆகவே அதிலிருந்தே சில நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 1962 மார்ச்சு மாதம் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸ் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த இந்திய அணித் தலைவர் நாரி கான்டிராக்டரின் தலையில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து தாக்கியது. அக்காலத்தில் தலைக்கவசம் இல்லை. மண்டையோடு உடைந்து உயிருக்குப் போராடிய அவருக்கு அறுவை மருத்துவம் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவரான ஃபிராங்க் வொரல் அவருக்காக இரத்தம் கொடுத்தார். அந்நன்றியின் நினைவாகத்தான் கல்கத்தாவில் பிப்ரவரி 3ஆம் நாள் வொரல் பெயரால் இரத்ததான நாள் கொண்டாடப்படுகிறது. பின்னர் கான்டிராக்டரின் மண்டையில் உலோகத் தகடு பொருத்தியவர், நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் சாண்டி. இந்தியாவில் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949இல் அங்கே தொடங்கியவர் அவரே. அடுத்த ஆண்டு, 1950இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி நம் சீர்காழியில் பிறந்தவர் என்பதைக் காவிரிப் படுகையின் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். அந்தத் தகடு அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2022இல்தான் அகற்றப்பட்டது. கான்டிராக்டர் உயிர் பிழைத்தார். மீண்டும் முதல்தர ஆட்டங்களில் ஆடினார். டெஸ்ட் ஆட்டத்திற்கு மட்டும் திரும்பவே இல்லை.

அவருடைய காயம் யாவர் கண்ணுக்கும் தெரிந்தது. ராமன் லம்பாவுக்கு நேர்ந்தது வேறு. 1998 பிப்ரவரி 20ஆம் நாள் டாக்காவில் ஒரு கழக ஆட்டம். மட்டையாளருக்கு மிக அருகில், தலைக்கவசம் அணியாமல் நின்று பந்து தடுத்துக்கொண்டிருந்தார் லம்பா. அடித்த பந்து அவர் நெற்றியில் மோதித் தெறித்தது. அதனை விக்கெட் காப்பாளர் பிடித்தும்விட்டார். லம்பா எழுந்தார், நடந்தே ஓய்வறைக்குச் சென்றார். பெரிதாக ஒன்றுமில்லை என்றே எல்லோரும் எண்ணினர். சிறிது நேரத்தில் நிலை மோசமாயிற்று. மூன்றாம் நாள் உயிர் நீத்தார். அவருக்கு வயது 38. மண்டையோட்டினுள் இரத்தம் மெல்லக் கசியும்போது, இடையில் சிறிது நேரம் ஆள் தெளிவாகவே இருப்பான். அந்தத் தெளிவு நம்மை ஏமாற்றிவிடும். மூளையதிர்ச்சிக்கும் இதற்கும் தொடக்கத்தில் வேறுபாடு தெரியாது என்பதனால்தான், அடிபட்டவனைத் தனியே விடலாகாது என்கிறார்கள். தலைவலி ஏறிக்கொண்டே போதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, பொருள்கள் இரண்டாகத் தெரிதல், கைகால் தளர்ச்சி அல்லது மரத்துப்போதல், எழுப்பினாலும் எழாத உறக்கம், கழுத்தில் கடும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே காலம் தாழ்த்த இடமில்லை.

இனி, அடையாளம் காணும் முறைக்கு வருவோம். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஏனெனில் இது ஒரு தேர்வு.

"உன் பெயர் என்ன? இது எத்தனை விரல்?" என்று கேட்பது நம் வழக்கம். இவற்றுக்கு அதிர்ச்சியடைந்தவனும் சரியாகவே விடை சொல்வான். தன் பெயரை யார் மறப்பர்? ஆஸ்திரேலியாவில் மாடக்ஸ் என்பவர் தம் நண்பர்களோடு 1995இல் வெளியிட்ட ஆய்வு, எந்தக் கேள்விகள் பயன்படும் என்பதைக் காட்டிற்று. இது எந்த மைதானம்? இப்போது நடப்பது முதற்பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தவர் யார்? இதற்கு முன் எந்த அணியோடு ஆடினோம்? அதில் வென்றோமா? பழைய நினைவு உறுதியான நிலம்; அண்மை நினைவோ நேற்று நட்ட நாற்று. வெள்ளம் வந்தால் முதலில் மிதப்பது நாற்றுதான். ஆகவே அதனைத்தான் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும்.

இவை மைதானத்தின் ஓரத்திலேயே கேட்கத் தக்கவை. இவற்றை உள்ளடக்கி, மருத்துவரும் பயிற்சி பெற்றோரும் கையாளும் விரிவான சோதனை ஒன்று 2004இல் பிராகு நகரில் கூடிய அறிஞர் மாநாட்டிலிருந்து உருவாயிற்று. அதன் ஆறாம் பதிப்பு 2023இல் வந்தது. அதை முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். முதலில் தலைவலி, மயக்கம், ஒளி கூசுதல், எரிச்சல், காரணமற்ற துயரம் முதலிய 22 குறிகளுக்கு ஆட்டக்காரனே 0 முதல் 6 வரை மதிப்பெண் இடவேண்டும். பிறகு பத்துச் சொற்களைப் படித்துக் காட்டி அவற்றைத் திரும்பச் சொல்லச் செய்வர். மும்முறை இது நிகழும். எண்களைத் தலைகீழாகச் சொல்லவேண்டும். மாதங்களின் பெயரைக் கடைசியிலிருந்து சொல்லவேண்டும். கண்ணை மூடி, கையை இடுப்பில் வைத்து, மூன்று விதமாக ஒவ்வொன்றும் 20 நொடி நிற்கவேண்டும். குதிகாலும் பெருவிரலும் தொட மூன்று மீட்டர் கோட்டில் நடக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின், குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி விட்டு, "முன்பு சொன்ன சொற்கள் யாவை?" என்று கேட்பர். பெரும்பாலோர் சறுக்கும் இடம் அதுதான்.

இங்கே ஓர் ஐயம் எழவேண்டும். எழுந்தால் நீங்கள் நல்ல மாணவர்கள். இயல்பிலேயே நினைவாற்றல் குறைந்தவன் ஒருவன், இயல்பிலேயே தள்ளாடுகிறவன் ஒருவன். இவர்களை எதனோடு ஒப்பிடுவது? ஆங்கிலத்தில் பத்துச் சொற்களைச் சொல்லித் தஞ்சை மாவட்டத்துக் கிராமத்து இளைஞனை ஒப்பிக்கச் சொன்னால், அவன் தடுமாறுவது மூளையதிர்ச்சியாலா, மொழியாலா? இதற்கு விடை கண்டவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் பணியாற்றிய உளவியலார். 1980களில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பார்த் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் கால்பந்து மாணவர்களை ஆட்டப் பருவம் தொடங்கும் முன்பே சோதித்து வைத்துக்கொண்டனர். பின்னர் எவனுக்கேனும் அடிபட்டால் அவனை அவனோடேயே ஒப்பிட்டனர். எளிய எண்ணந்தான், ஆனால் அதுவரை தோன்றாதது. தலையில் சிறு அடியே என்று தள்ளப்பட்டவர்களுக்கும் சில நாட்கள் சிந்தனை மந்தமாகிறது என்பதும், பெரும்பாலோர் விரைவில் தேறிவிடுகின்றனர் என்பதும் அவ்வாறுதான் எண்களால் தெளிவாயின. முன்சோதனை இல்லாதவிடத்து அவ்வயதினரின் பொது அளவோடு ஒப்பிடலாம், அது இரண்டாந்தரமே.

தேர்வு என்றால் காப்பியடிப்பவரும் இருப்பர் அல்லவா? இங்கே காப்பி தலைகீழாக நடக்கிறது. சில ஆட்டக்காரர்கள் பருவத் தொடக்கத்தில் வேண்டுமென்றே தவறாக விடை எழுதிவிடுகிறார்கள். பின்னால் அடிபட்டாலும் மதிப்பெண் குறையாது, ஆட்டத்தை விட்டு நீக்கமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. மிகக் குறைவாக எழுத முயன்று பிடிபட்ட மாணவர்களை என் வாழ்நாளில் நான் பள்ளியில் கண்டதில்லை. கல்லூரியில்தான் அத்தகைய வளர்ச்சி ஏற்படுகிறது போலும்.

ஆட்டக்காரன் மறைப்பான், அணி அவசரப்படும், பார்வையாளர் கூச்சலிடுவர். ஆகையால் முடிவை இவர்களிடம் விடாமல் விதியிடம் விட்டுவிட உலகம் கற்றுக்கொண்டது. அடிபட்ட பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மீண்டும் ஆடச் சென்று ஆயுள் முழுதும் முடங்கியதை அடுத்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. ஐயம் இருந்தாலே சிறுவனை வெளியேற்றவேண்டும். தகுதியுள்ள மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை திரும்ப விடலாகாது என்பது அச்சட்டம். சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் மற்ற மாநிலங்களும் அவ்வாறே செய்தன. கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டு 1 முதல் மாற்றாள் விதி வந்தது. 2020 டிசம்பர் 4ஆம் நாள் கான்பெராவில் நடந்த ஆட்டத்தில், கடைசி ஓவரில் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பட்டது. அவர் நின்று ஆடி முடித்தார். ஓய்வறைக்குச் சென்றபின்பே தலை சுற்றியது. அவருக்கு மாற்றாக வந்த சாகல் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தி ஆட்ட நாயகரானார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் முதன்முதலாக இருபது ஓவர் சர்வதேச ஆட்டம் ஆடியதும், அவரும் மூன்று விக்கெட்டுகள் எடுத்ததும் அதே ஆட்டத்தில்தான். எதிரணியின் பயிற்சியாளர் சினந்தார். ஆயினும் அறிகுறி அடியோடு உடனே வரவேண்டும் என்பதில்லை; சில நிமிடமோ சில மணியோ கழித்தும் வரும். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

அதே நாளில் மறுபடி ஆடவிடக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. இறைத்து முடியாத வயலில் மீண்டும் வெள்ளம் புகுவதுபோல, முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாம் அடி விழுந்தால் இளம் வயதினருக்கு மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிர் போதலும் உண்டு. அது அரிதே, நேர்ந்தாலோ மீட்பு அரிதினும் அரிது.

சென்ற ஆண்டு தைப் பொங்கலை ஒட்டி எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கபடிப் போட்டி நடந்தது. எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் ஆடினான். பிடிக்கப் பாய்ந்தபோது இன்னொருவன் தலையோடு இவன் தலை மோதியது. அதே சோடா, அதே "முடியுமா?", அதே "முடியும்". நான் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே சென்றேன். "தம்பி, இதற்குமுன் எந்த ஊரோடு ஆடினீர்கள்?" என்றேன். விழித்தான். "மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்" என்றேன். "பங்குனி, மாசி, தை..." என்று வந்தவன், "சித்திரை" என்றான். அணித்தலைவன், "பெரியவரே, அரையிறுதி, ஏழு பேருக்கு மேல் ஐந்து பேர் எதற்கு இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், இவன்தான் வேண்டும்" என்றான். அவன் கேட்காதீர்கள் என்றதையே நான் கேட்டேன். கூட்டத்தில் ஒருவர் என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னார். பையனுடைய தாயார் வந்து அவன் கையைப் பிடித்தபின்பே கூச்சல் அடங்கியது. அந்த ஆட்டத்தில் அவ்வணி தோற்றது. என்னோடு ஒரு மாதம் அவர்களில் எவரும் பேசவில்லை.

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினார்கள். ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. இரண்டு நாள் ஓய்வு. இருட்டறையில் அடைத்துவைக்க வேண்டியதில்லை, ஆனால் கைப்பேசித் திரையைக் குறைக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. அதன்பின் மெதுவாக நடை. உறங்கவிடக்கூடாது என்று உறவினர் அவனை இரவெல்லாம் எழுப்பிக்கொண்டிருக்க எண்ணினர். ஆபத்துக் குறிகள் இல்லையெனில் உறக்கம் நல்லதே. உடன் ஒருவர் இருந்து கவனித்தால் போதும்.

திரும்பும் வழி படிப்படியானது. முதலில் வீட்டு வேலை, அடுத்து நடை, பின் ஓட்டம், பின் மோதலில்லாத பயிற்சி, மருத்துவர் இசைந்தபின் முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி மோசமானால் ஒரு படி இறங்கவேண்டும். வளர்ந்தவர்களுள் பெரும்பாலோர் இரண்டு வாரங்களில் தேறுவர். சிறுவர்க்கு நான்கு வாரமும் ஆகும். கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றில் மாணவரைவிட மாணவியருக்கே இக்காயம் மிகுதியாகப் பதிவாகிறது என்பதால் பெண்கள் கல்லூரிகளும் இதில் கவலை கொள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்புக்குத் திரும்புவது மைதானத்துக்குத் திரும்புவதற்கு முந்தியது. அரை நாள் வகுப்பு, தேர்வைத் தள்ளிவைத்தல், குறிப்பெடுக்க ஒரு தோழன்: இவை சலுகை அல்ல, மருந்து. இதனை என் போன்ற ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தப் பையனுக்குப் பதினேழு நாட்கள் ஆயின. பதினெட்டாம் நாள் என் திண்ணையில் வந்து அமர்ந்து, கேளாமலேயே பங்குனியிலிருந்து சித்திரை வரை பன்னிரண்டு மாதங்களையும் தலைகீழாகச் சொன்னான். அவனுடைய தூதின் பேரில் மாசி மாதத்தில் அணியினர் பன்னிருவரும் வந்தனர். ஆளுக்கொரு தாளில் சொற்கள், எண்கள், நிற்கும் நேரம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். நோயைத் தீர்மானிப்பதற்கன்று, அடிபட்டால் மருத்துவர் கையில் கொடுப்பதற்கு. அவர்களுள் ஒருவன் ஒற்றைக்காலில் நான்கு நொடிக்கு மேல் நிற்கவில்லை. அணியிலேயே வலிய பிடிகாரன் அவன். அவன் தாளில் 'எப்போதும் இப்படித்தான்' என்று சிவப்பு மையில் எழுதி, தேதியிட்டு, பெட்டியில் பூட்டியிருக்கிறேன்.